பதினோராவது நகர்த்தல்

"என்னம்மா, பேசாம டிரான்னு கை குலுக்கிடலாமா? ரெண்டாவது இடத்தோட கௌரவமா வீட்டுக்குப் போகலாம்."

சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. டிரா ஆனாலே போதும், ஆறாவது வருடமாகக் கோப்பை மாஸ்டருக்கு. எதிரே உட்கார்ந்தவள் இதுவரை எந்தப் போட்டியிலும் தலைகாட்டாதவள், ஜெயித்தே ஆகவேண்டியவள்.

"வேணாம் சார். ஆடியே பார்த்துடலாம்."

"ஆசை இருக்கு தாசில் பண்ண..." என்று இழுத்தார் மாஸ்டர். பின்னால் நின்ற அவருடைய மாணவர்கள் மீதியை முணுமுணுத்துச் சிரித்தார்கள்.

கடிகாரம் ஓடியது. அவளுக்கு வெள்ளைக் காய்கள். நாலு நகர்த்தலிலேயே மாஸ்டரின் மீசை மலர்ந்துவிட்டது. அச்சு அசலாக அவர் எழுதிய புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம்!

"என் புத்தகம் வாங்கினியா?" கிசுகிசுத்தார்.

"வாங்கல சார். மூணு தடவை படிச்சேன்."

"ஓசியிலயா? அதான் கரைச்சுக் குடிச்சிருக்கே!"

"ஷ்ஷ்!" என்றார் நடுவர்.

எழுதினவனிடமே ஒப்பிக்கிறாளே, கிளிப்பிள்ளை! மாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பதினோராவது நகர்த்தல். 'இங்கே கறுப்பு ராணி ஓரச் சிப்பாயை வெட்டினால் வெள்ளைக்கு விமோசனமே இல்லை' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார். யோசிக்காமல் வெட்டினார். மாணவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவளும் யோசிக்கவில்லை. முன்னே நின்ற குதிரையைப் பின்னால் இழுத்து வைத்தாள்.

"பயந்துட்டா, மாஸ்டர்!" என்றான் மாணவன் ஒருவன்.

ராணியிடம் போன மாஸ்டரின் கை பாதியில் நின்றது. அந்தப் பக்கம் யானை. இந்தப் பக்கம் மந்திரி. வந்த வழியில் அந்தப் பாழாய்ப்போன குதிரை. ராணிக்குப் போக்கிடம் இல்லை.

இருபது நிமிடம் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு ராஜாவைச் சாய்த்தார்.

"இது... எந்தப் புத்தகத்துலம்மா இருக்கு?"

"உங்க புத்தகத்துலதான் சார் இருந்திருக்கணும்."

பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, பலகை மேல் விரித்தாள். அவர் புத்தகத்துக்கு அச்சகம் எடுத்த பிழைதிருத்தப் பிரதி, அறுபத்திரண்டாம் பக்கம். ஓரத்தில் பென்சிலில், 'குதிரை பின்னால் வந்தால் ராணி மாட்டிக்கொள்ளாதா சார்?' என்றொரு கேள்வி.

அதன் கீழே, சிவப்பு மையில், மாஸ்டரின் சொந்தக் கையெழுத்து: 'உன் வேலை டைப் அடிப்பது. அதை மட்டும் பார்.'