பவளராணியின் வாங்கு

ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைத் தாமே நின்று கட்டுவித்தவர்போலச் சரித்திரம் படிப்பிப்பார் தியாகலிங்கம் வாத்தியார். அவருடைய வகுப்பில் படித்த மகள் பவளராணியும் அவரைச் 'சேர்' என்றுதான் கூப்பிட வேண்டும். அப்பா என்பதெல்லாம் வீட்டோடு.

நயினாதீவிலிருந்து திரும்பிய வள்ளம் கவிழ்ந்ததில் பவளராணி செத்துப்போனாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் வாத்தியார் மறுபடி வகுப்புக்கு வந்தார்.

"ஒல்லாந்தருக்கு முதல் கோட்டையை ஆர் வைச்சிருந்தவை?"

"போர்த்துக்கேயர், சேர்."

குரல் பவளராணி இருந்து படித்த வாங்கின் வெறும் பலகையிலிருந்து வந்தது. விடை சரியாக இருந்ததால் மற்றப் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

மணி அடித்து எல்லாரும் போனபின், வேட்டி புழுதியில் புரள, வாத்தியார் அந்த வாங்கின் முன்னால் முழந்தாளிட்டார்.

"ஒருக்கா அப்பா எண்டு கூப்பிடு, பிள்ளை."

"பள்ளிக்கூடத்திலையோ, சேர்?"