கம்பம் வரைக்கும்

அவன் உதைத்தது முகத்தில்.

தரையில் கிடந்த ஆளின் உதடு பிளந்து பல்லெல்லாம் ரத்தம். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கமாக மிதித்தார்கள். யாரோ பெல்ட்டைக் கழற்றினார்கள். ஈரத் துணியைக் கல்லில் அறைவதுபோல் ஒரு சத்தம் விடாமல் கேட்டது.

"எங்கிருந்தோ வந்துட்டு வரிசையில சொருகப் பாக்கறயாடா, வடக்கத்தியானே?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவன் மறுபடி காலை ஓங்கினான்.

அந்த ஆள் சொருகவில்லை. அது அவனுக்குத் தெரியும்.

விடிவதற்கு முன்பிருந்தே வரிசையில் செருப்புகள்தான் நின்றன. செருப்புக்குச் சொந்தக்காரர்கள் சுவரோர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டில் வரி ஏறியது. ஆர்டர் நின்றது. பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. வேறு வேலை கிடைக்கிறவரை அரசாங்கம் பாதிச் சம்பளம் தருகிறது என்றார்கள். பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

தொழிலாளர் அலுவலக ஊழியர் கேட்டுக்கு வெளியே வந்து கையை நீட்டினார்.

"அந்தக் கரண்ட் கம்பம் வரைக்குந்தானுங்க. அதுக்குப் பின்னால இருக்கறவங்க காத்திருந்து புண்ணியமில்ல."

கம்பத்துக்கு இந்தப் பக்கம் கடைசியாக இருந்தது, இப்போது தரையில் கிடக்கிற அந்த ஆளின் பிளாஸ்டிக் செருப்பு.

அந்தப் பக்கம் முதலாவதாக இருந்தது அவனுடையது.

காலையில் மனைவி பால் பவுடர் டப்பாவின் அடியைக் கரண்டியால் சுரண்டிய சத்தம் அவன் காதை விட்டுப் போகவில்லை. குழந்தை அதற்குள் அழுது ஓய்ந்திருந்தது.

அந்த ஆள் தண்ணீர் குடிக்கப் போனான். அவன் எழுந்தான். சோம்பல் முறிப்பதுபோல் நடந்துபோய், அந்த ஜோடியைக் காலால் சாக்கடைப் பக்கம் தள்ளினான். தன் செருப்பைக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

பூவாத்தாள் பார்த்தாள். அவன் வேலை செய்த கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்தவள். வரிசையில் அந்த ஆளுக்கு முன்னால் இருந்தது அவளுடைய ரப்பர் செருப்புதான். அறுந்த வாரைப் பனியன் துணியால் முடிந்திருந்தாள்.

அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்த ஆள் தேடினான். சாக்கடையிலிருந்து செருப்பை எடுத்தான். பழைய இடத்தில் வைக்கக் குனிந்தான்.

அவ்வளவுதான். கூட்டம் எழுந்துவிட்டது.

இப்போது ஓங்கிய கால் அந்தரத்தில் நின்றது.

அடி வாங்குகிறவன் முகத்தைத்தான் பொத்துவான். இந்த ஆள் முகத்தை அவர்களிடம் விட்டுவிட்டான். இரண்டு கைகளையும் வயிற்றுக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் கவிழ்ந்து கிடந்தான். உதை விழ விழ இன்னும் அழுத்திக் கவிழ்ந்தான்.

தைக்கிறவன்.

முகம் எப்படிப் போனாலும் மிஷினில் உட்காரலாம். விரல் போனால் முடியாது.

பக்கத்தில் ஒருவன் கல்லைத் தூக்கினான்.

அவன் விழுந்தான், அந்த ஆளின்மேல்.

கல் அவன் தோளில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்தது. பெல்ட்டின் கொக்கி காதைக் கிழித்துக்கொண்டு போனது. "இவனையும் போட்றா!" என்றது ஒரு குரல். கண் இருட்டியது.

அப்போதுதான் தெரிந்தது. அவன் கைகளும் அந்த ஆளின் வயிற்றுக்கு அடியில் புகுந்து, அந்தக் கைகளோடு ஒண்டிக் கிடந்தன.

போலீஸ் விசில் சத்தம் கேட்டது. கால்கள் சிதறி ஓடின.

அந்த ஆள் எழுந்து உட்கார்ந்தான். ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான். பிறகு அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, புது ஊசியைச் சோதிக்கிற கவனத்தோடு ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தான்.

"வெரல் ஓகே, அண்ணா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தன் செருப்பை எடுத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதை மட்டும் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

கம்பத்துக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் செருப்பு இருந்தது. சாக்கடைச் சேறு துளிகூட இல்லை.

அதற்குப் பின்னால், கம்பத்தை ஒட்டி, அவனுடையது. அதுவும் இந்தப் பக்கம்தான்.

கம்பத்தைத் தாண்டி, வெயிலில், பனியன் துணி முடிந்த ஒரு ஜோடி.

பூவாத்தாள் சுவரோரம் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். உதடு ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

முந்தானையின் சேற்றைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.