சுவரில் ஒரு கை

பாலைவனக் கிறிஸ்தவ மடத்தின் பழைய கோயிலுக்குள் நுழைந்த, எல்லாரும் ‘அபூனா’ (தந்தை) என்றழைக்கும் துறவி பாகூம் வாசலிலேயே நின்றுவிடுகிறார். படிப்புப் பயணமாக எகிப்துக்கு வந்திருக்கும் மாணவி லிடியா, சுவரோவியப் புனிதரின் கன்னத்தில் உள்ளங்கையை அழுத்தியபடி தனியாக நிற்கிறாள். போன வருடம் இப்படி வந்த ஒருவன்தான் தேவதை ஓவியத்தின் கண்ணைப் பெயர்த்துக்கொண்டு போனான். கூரைத் துளை வழியே இறங்கும் வெயிலில் அவள் தோளெல்லாம் சுண்ணாம்புப் பொடி. காலடியில் காவிநிறச் சில்லு ஒன்று. “ஏய் பொண்ணு, கைய எடு! இது பக்தியா, திருட்டா?” அவள் திரும்பவில்லை. “எடுத்தா விழுந்துடும், அபூனா. ஜெபம் பண்ணிட்டிருந்தேன், பூச்சு தானா விரிசல் விட்டுது. எவ்வளவு நேரமா கத்துறேன்!” அவள் விரல்களுக்கு மேலே ஓவியப் பூச்சு சுவரைவிட்டு விலகித் தொங்குகிறது. பாகூம் பாய்ந்து தன் இரு கைகளையும் அவள் கையருகே அழுத்துகிறார். “யாராவது வாங்க!” என்று இப்போது இருவருமாகக் கூவுகிறார்கள்.