சாம்பியின் ஆசை

ஒரு வீட்டில் சாம்பி என்ற பூனையும் சொக்கி என்ற கூண்டுக்கிளியும் சிநேகமாக இருந்தன. மதியமானால் பூனை கம்பியோரம் தலையைச் சாய்க்கும். கிளி உள்ளிருந்தபடியே அலகால் அதன் காதைக் கோதிவிடும்.

அன்று கொய்யாத்துண்டு வைக்க வந்த வீட்டுக்காரம்மா கூண்டைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டாள். கிளி தத்தித் தத்தி வெளியே வந்து, பூனையின் முகத்தருகே நின்று கோதத் தொடங்கியது. அதன் பச்சைக் கழுத்து பூனையின் மூக்கில் உரசியது.

"சொக்கி, உள்ளே போ," என்றது பூனை, கண்ணைத் திறக்காமல்.

"ஏன்க்கா, அழுத்திக் கடிச்சிட்டேனா?"

"நீ கடிக்கல. எனக்குத்தான் உன்னைக் கடிக்கணும்போல இருக்கு. நீ இங்க வந்த நாள்லேர்ந்தே இருக்கு."

கிளி சிரித்தது. "இத்தனை நாளும் சும்மாதானே இருந்தே?"

"இத்தனை நாளும் நடுவுல கம்பி இருந்துச்சு."

கிளியின் சிரிப்பு நின்றது. பூனையைப் பார்த்தபடியே பின்னால் நடந்து கூண்டுக்குள் போய், அலகால் கதவை இழுத்துச் சாத்தியது.

"கொக்கி உன் பக்கம் இருக்கேக்கா," என்றது மெல்ல.

பூனை முன்னங்காலைத் தூக்கியது. கொக்கியின்மேல் போய் விழும்வரை, அந்தக் கால் எங்கே போகிறதென்று அதற்கே தெரியவில்லை.