ஆவுளியாவைப் பார்த்தவன்

வலை கனத்தது.

திருக்கையாக இருக்கும் என்று இழுத்தான். வள்ளத்தின் ஒரு பக்கம் தாழ்ந்தது. தண்ணீருக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ புரண்டது. இரண்டு மூக்குத்துளைகள் மேலே வந்து திறந்து, புஸ்ஸென்று காற்றை விட்டு மூடிக்கொண்டன.

ஆவுளியா.

படித்தவர்கள் கடல்பசு என்பார்கள். அவன் மனதுக்குள் சக்களத்தி என்பான்.

வாலில் வலை சுற்றியிருந்தது. திமிறத் திமிற இறுகியது. மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் போனால் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். இதை அவனுக்குச் சொன்னவள் அவன் மனைவிதான். ஊருக்கே சொன்னவள்.

கூடத் தொழிலுக்கு வரும் மச்சான் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வேறு வள்ளம் இல்லை.

அவன் ஒன்றுமே செய்யவேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

உட்கார்ந்திருந்தான்.

அவன் பெயர் சந்தியாகு. ஊரில் யாருக்கும் அது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். 'ஆவுளியா செலின் வீட்டுக்காரர்' என்றால்தான் தெரியும். ரேஷன் கடையில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கல்யாணமான புதிதில் கரையில் ஆவுளியா ஒன்றை வெட்டிக் கூறுபோட்டார்கள். செலின் கறி வாங்கத்தான் போனாள். வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். அன்று பிடித்த பைத்தியம். கரையோரத்து ஊர் ஒன்று விடாமல் போய்ப் பேசினாள். வெட்டுகிறவர்களோடு சண்டை போட்டாள், வசவு வாங்கினாள், ஒருமுறை கல்லடியும் பட்டாள். ஆவுளியா படம் போட்ட பேனரைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தாள். தலை நரைத்துவிட்டது, அலைச்சல் நிற்கவில்லை. கடலடியில் அது புல் மேய்ந்துபோன தடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். கல்யாணப் படத்தில்கூட அப்படி ஒரு முகம் இல்லை.

அவன் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது செத்த ஆவுளியா ஒன்று கரை ஒதுங்கியது. செலின் கீழாநெல்லியை அரைத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு ஓடினாள். குழிதோண்டிப் புதைக்கும்வரை அதன் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து அழுதாளாம். பார்த்தவர்கள் அவனிடமே வந்து மெச்சிச் சொன்னார்கள்.

அவன் கீழாநெல்லியைக் குடித்தான்.

புல் தின்கிற ஒரு பிராணியின் மேல் ஆம்பளைக்குப் பொறாமை வருமா? வந்தது. வயிறு எரிந்தது. வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும் என்பதால் இன்னும் எரிந்தது.

வள்ளம் குலுங்கியது. அது மறுபடி முண்டி மேலே வந்தது. இந்த முறை மூச்சு பாதியில் அறுந்தது.

அப்போதுதான் பக்கத்தில் சின்னதாக இன்னொன்றைப் பார்த்தான். தாயின் முதுகை ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

செத்தால் கரைக்குத்தான் ஒதுங்கும். அவள் ஓடி வருவாள். மணலில் உட்காருவாள்.

இதற்காக அவள் இன்னொரு தடவை அழக்கூடாது. அவனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கத்தியை எடுத்தான். குனிந்து, கை எட்டிய இடமெல்லாம் அறுத்தான். புது வலை. வாலின் ஒரே அடியில் வள்ளம் கவிழப் பார்த்தது. முழங்கை அதன் விளிம்பில் உரசித் தோல் போனது.

ஆவுளியா விடுபட்டுப் போய்விட்டது.

கொஞ்ச தூரத்தில் இரண்டும் ஒன்றாக மேலே வந்து, மூச்சு வாங்கி, மறைந்தன.

அதன் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் செலின் உயிரோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் செத்தவைதான்.

அவன் பார்த்துவிட்டான்.

கண்டால் போனில் படம்பிடித்து வாருங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லியிருந்தாள். போன் பிளாஸ்டிக் உறைக்குள் இடுப்பிலேயே கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எடுத்திருக்கமாட்டான். இது ஒன்றாவது அவளுக்கு இல்லாமல் தனக்கு மட்டும் இருக்கட்டும். சொல்லப்போவதில்லை என்று முடிவுசெய்தான். கரை வரும்வரை அந்த நினைப்பு இனித்தது.

பாறையில் மாட்டிக் கிழிந்துவிட்டது என்று சொல்லி வலையை வாசலில் போட்டான்.

செலின் தூக்கிப் பார்த்தாள். கடல் தொழில் செய்கிற வீட்டில் பிறந்தவள். பாறை கிழித்தால் நூல் பிய்ந்து தொங்கும். இது கத்தி பட்ட அறுப்பு. திருக்கை மாட்டினால் யாரும் வலையை அறுக்கமாட்டார்கள்.

அவள் கை அப்படியே நின்றது.

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மேய்ந்த தடத்தைக் கண்ட நாளில் வரும் அதே முகம்; அவனைப் பார்த்து அவள் முகம் அப்படி ஆனது இதுதான் முதல் தடவை.

"குட்டி இருந்துச்சாங்க?"

முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

அவன் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். சோறு போடச் சொன்னான்.

போட்டாள். மீனை எடுத்து வைத்தாள். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. எடுக்கவில்லை. வாசலில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை.

அவன் மெதுவாகச் சாப்பிட்டான். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

வயிறு நிறைந்துவிட்டது.

இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.