அக்கா தொட்டால் குதிக்கும் குமிழ்

குமிழை அவன் திருப்பினால் திரையிலிருந்த கோடு சொன்ன பேச்சைக் கேட்டது.

அக்கா திருப்பினால் எகிறிக் குதித்தது.

மெதுவாகத் திருப்பச் சொன்னான். மெதுவாகத்தான் திருப்பினாள். கோடு குரல் பதிவின் நடுவிலிருந்து கடைசிக்குத் தாவியது, திரும்பி ஓடிவந்தது, ஓர் இடத்தில் நிற்பேனா என்றது.

வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயர் ஃபியூஸ். தொட்டதற்கெல்லாம் கோபத்தில் எரிந்து போய்விடுவான் என்று அக்கா வைத்த பெயர். ஊரார் ரேடியோவையும் மிக்சியையும் ரிப்பேர் செய்து கொடுக்கிறவனுக்கு, தன் கையால் செய்த ஒரு குமிழ் இப்படித் தண்ணி காட்டுகிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை அது. பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து கழற்றிய ஒரு தண்டு. தண்டின் அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு காந்தம். அதைத் தொடாமல், அதற்கு நேர் கீழே, குட்டியாக ஒரு சென்சார். காந்தம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சென்சார் சொல்லும். கம்ப்யூட்டர் அந்த அளவுக்குக் கோட்டை நகர்த்தும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானாம்! முதலில் வாங்கிய காந்தமே தப்பு. ஒரு துருவம் மேலே, இன்னொன்று கீழே. எவ்வளவு சுற்றினாலும் சென்சாருக்கு ஒரே முகம்தான் தெரிந்தது. இரண்டு துருவமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற காந்தத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினான். அது கிடைத்தபின் இடைவெளி சரியில்லை. இடைவெளியைச் சரிசெய்தபின் ஒயர் மேல் சந்தேகம். ஒயரை மாற்றியபின் சென்சார் மேல் சந்தேகம். அதையும் புதிதாகப் போட்டான். அவன் கைக்கு எல்லாம் அடங்கியது. அக்கா கைக்கு மட்டும் அடங்க மாட்டேன் என்றது சனியன்.

அக்காவின் வேலை குரல் பதிவுகளைத் திருத்துவது. யாரோ பேசியதிலிருந்து இருமலையும் தடுமாற்றத்தையும், அங்கே வெட்டியதே தெரியாதபடி வெட்டி எடுத்துவிடுவாள். ஒரு விபத்துக்குப் பிறகு அவள் வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது. பயிற்சி செய்து செய்து விரல்களுக்கு உயிர் வந்துவிட்டது. மணிக்கட்டுதான் தானாக நிற்காது, எதன் மேலாவது சாய்ந்துகொள்ளும். மௌஸைப் பிடித்தால் நழுவியது. கெட்டியாக, உருண்டையாக ஒன்று செய்து கொடு, திருப்பிவிடுகிறேன் என்று அவள்தான் கேட்டாள். குமிழின் பெட்டியை மணிக்கட்டு சாய்வதற்குத் தோதாகவே செய்திருந்தான்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து கூப்பிடுவார்கள். வேலைக்குத் திரும்புகிறாளா, இல்லை அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

மறுபடி பிரித்தான். உள்ளே ஒரு குறையும் இல்லை. மூடப் போனால், மூடியின் திருகாணி ஒன்றைக் காணோம்.

கடுகளவு திருகாணி. அக்காவின் கைக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். மேசைக்கு அடியில் தவழ்ந்தான், தலையை இடித்துக்கொண்டான், அந்த வலியையும் சேர்த்து அக்கா மேல் காட்டினான். கையை வைத்த இடத்தில் எல்லாம் எதையாவது தட்டிவிடுகிறாய், அந்தக் கையைக் கொஞ்சம் சும்மா வைத்திருக்கக் கூடாதா என்றான்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

வழக்கமாக இந்த இடத்தில் அக்கா, ஃபியூஸ் போச்சு என்று சிரிப்பாள். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"விடுடா. நீ நல்லாத்தான் செஞ்சிருக்க. என் கைதான் எனக்கே தெரியாம ஆடுது போல. வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிடறேன்."

போனை எடுக்க வலது கையை நீட்டினாள். மேசைக்கு அடியிலிருந்து பாதி எழுந்த அவன் அந்தக் கையையே பார்த்தான். மணிக்கட்டு தொய்ந்திருந்ததே தவிர, கை ஆடவில்லை. துளிகூட ஆடவில்லை.

அது குமிழைத் தொடாமல், உரசாத குறையாகக் கடந்து போனது. திரையில் கோடு குதித்தது.

கீழேயிருந்து பார்த்ததால் திருகாணியும் தெரிந்தது. அக்காவின் மணிக்கட்டுக்கு அடியில், பிரேஸ்லெட்டின் கறுப்பு மணியில் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

காந்த மணி.

ஆஸ்பத்திரி வாசலில் நடைபாதைக் கடையில் வாங்கியது. நரம்புக்குத் தெம்பு வரும், செத்த கைகூட எழுந்துவிடும் என்று கடைக்காரர் அளந்துவிட்டார். காந்தம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்தவன் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். அன்றைக்கு அவனுக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. ஓடிப்போய் அக்காவின் கையில் தானே மாட்டிவிட்டான். தான் மாட்டியது என்பதாலோ என்னவோ, அப்புறம் அது அவன் கண்ணில் படவேயில்லை.

கழற்றச் சொன்னான்.

அக்கா இடது கையால் அதைப் பொத்திக்கொண்டாள்.

"கை சரியாகிற வரைக்கும் கழட்டவே கூடாதுன்னு நீதானடா சொன்ன?"

அவன் முட்டி போட்டபடியே கொக்கியை விடுவித்தான். ஒட்டியிருந்த திருகாணியை எடுத்து மூடியில் முடுக்கினான்.

பிரேஸ்லெட்டை அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். திரையில், யாரோ இருமுவதற்குச் சரியாக ஒரு மயிரிழை முன்னால் கோடு நின்றிருந்தது. குமிழ் மேல் அக்காவின் விரல்கள் இருந்தன.

போன் அடித்தது.

"நீ எடு," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அக்கா வேலையா இருக்கான்னு சொல்லு."