கேரவன் முதுகில் இரண்டு பெயர்கள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும்.

அடிலெய்டிலிருந்து பெர்த்துக்குக் காரிலேயே போக வேண்டுமென்பது என் மனைவி கோரலின் ஆசை. வழியில் மரமே இல்லாத நல்லர்பார் வெட்டவெளி. அதற்குப் பயந்தே ஒவ்வொரு வருஷமும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன்.

"இந்த வருஷமும் நீ வரலேன்னா, வர்றவனோட போயிடுவேன், பாத்துக்கோ!" என்றாள்.

ரோஷம் வந்துவிட்டது. பயத்தை விழுங்கிவிட்டு, காரின் பின்னால் கேரவன் என்ற இழுவை வீட்டை மாட்டிக் கிளம்பினேன். சாலை அவ்வளவு நேர். ஸ்டியரிங்கைக் கயிற்றால் கட்டிவிட்டு டீ போட்டுக் குடித்தேன். கங்காருகள் வரிசையில் நின்று வழிவிட்டன.

கேரவனின் பின்பக்கம் தம்பதியின் பெயர்களை எழுதுவது எங்கள் நாட்டு வழக்கம். பின்னால் வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் வம்புக்கு இழுப்பார்கள்.

"கோரல், கெவின்! இந்த வயசுல தேனிலவாய்யா?" என்று ஒரு லாரிக்காரன் கத்தினான்.

கோரல் வெட்கப்பட்டுத் தோளில் சாய்ந்தாள். "இத்தன நாளா இந்த வீரத்த எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?"

பெர்த் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. திரும்பி வரவே மனமில்லை. அங்கேயே வீடு பார்த்தாயிற்று.

என் பெயர் லெஸ்லி. கெவின் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவன். நான் இன்னும் அடிலெய்டில்தான் இருக்கிறேன்.